விடுபட்ட பகுதியும் முடிவுறாத ஓட்டமும்: அம்புரோஸ் பியர்சின் சிறுகதையும் ரொபேர் என்ரிக்கோவின் திரைவடிவமும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் அம்புரோஸ் பியர்சின் ‘ஆந்தை ஓடைப் பாலத்தில் ஒரு நிகழ்வு’ (1890) என்னும் சிறுகதையையும், அதனைத் தழுவிப் பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் என்ரிக்கோ உருவாக்கிய ‘ஆந்தை ஆறு’ என்னும் குறும்படத்தையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. கதையின் மூன்று பகுதிகளுள் நடுப்பகுதியைப் படம் முற்றிலும் விட்டுவிடுகிறது. அவ்விடுபாடு சுருக்கம் கருதியது மட்டுமன்று. கதை தன் வாசகரிடம் கோரும் இரக்கத்தின் தன்மையையே அது மாற்றுகிறது. இக்கருத்தை எடுத்துரைப்புக் காலம், இலக்கணக் காலம் ஆகியவற்றின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தழுவல், எடுத்துரைப்பு, கால வழுவமைதி, நிகழ்காலம், அமெரிக்க உள்நாட்டுப் போர்.

முன்னுரை

இலக்கியத்தையும் திரைப்படத்தையும் ஒப்பிடும் தமிழ் ஆய்வுகள் பல, சேர்க்கப்பட்டவை, நீக்கப்பட்டவை, மாற்றப்பட்டவை என மூன்று பட்டியல்களைத் தந்து நின்றுவிடுகின்றன. பட்டியல் தேவையானதே. ஆயின் நீக்கப்பட்ட ஒரு பகுதி மூலப் பனுவலில் என்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது என்ற வினாவை அது எழுப்புவதில்லை. அவ்வினா இல்லாவிடின், நீக்கத்தைக் குறை எனவோ திரைமொழியின் தேவை எனவோ எளிதில் சொல்லிவிடலாம்.

முதுகலை மாணவர்களுடன் இப்படத்தைப் பார்த்த ஒரு வகுப்பில், கதையைப் படிக்காத மாணவி ஒருவர், “தூக்கிலிடப்படுபவர் யார்?” என்று கேட்டார். என்ன குற்றம் செய்தார் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. படத்தின் தொடக்கத்திலேயே அதற்கான அறிவிப்பு காட்டப்படுகிறது. அவர் கேட்டது ஆள் யார் என்பதை. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வினாவிற்கு விடைகூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து தொடங்கியது.

கதையும் படமும்

பியர்ஸ் (பிறப்பு 1842) அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் ஒன்றியப் படையில் பணியாற்றியவர். ஷைலோ போரில் பங்கேற்றவர். 1864இல் கென்னசா மலைப் போரில் தலையில் குண்டடிபட்டவர். இக்கதை 1890 ஜூலையில் ‘சான் பிரான்சிஸ்கோ எக்சாமினர்’ நாளிதழில் வெளிவந்தது. கதையில் தூக்கிலிடுவோர் பியர்ஸ் சார்ந்திருந்த படையினர். தூக்கிலிடப்படுபவன் எதிர்த்தரப்பைச் சார்ந்தவன். இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கதைச்சுருக்கம் வருமாறு. முதற்பகுதியில், வட அலபாமாவின் இருப்புப்பாதைப் பாலம் ஒன்றின்மீது கைகள் பின்புறம் கட்டப்பட்டு, கழுத்தில் சுருக்குடன் ஒருவன் நிற்கிறான். சிலீப்பர் கட்டைகளுக்கு வெளியே நீண்டிருக்கும் பலகையின் ஒரு முனையில் அவனும், மறுமுனையில் அதனை அழுத்திப் பிடிப்பதற்காக ஒரு சார்ஜண்ட்டும் நிற்கின்றனர். சார்ஜண்ட் விலகினால் பலகை சாயும், அவன் வீழ்வான். அவர் விலகுகிறார். அவ்விடத்தில் முதற்பகுதி முடிகிறது. இரண்டாம் பகுதி அவன் யார், ஏன் இங்கு வந்தான் என்பதைப் பின்னோக்கிச் சொல்கிறது. மூன்றாம் பகுதியில் கயிறு அறுந்து அவன் ஆற்றில் விழுகிறான். துப்பாக்கிக் குண்டுகளுக்கும் பீரங்கிக்கும் தப்பி நீந்திக் கரையேறுகிறான். காட்டின் வழியே நாள் முழுதும் நடந்து தன் வீட்டு வாயிலை அடைகிறான். மனைவியைத் தழுவ நெருங்கும் கணத்தில் பிடரியில் ஓர் அடி விழுகிறது. பாலத்தின் அடியில் அவன் உடல் ஊசலாடுகிறது. தப்பியது யாவும் வீழ்ச்சிக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட கணத்தில் அவன் மனம் படைத்தது.

ஏறத்தாழ 28 நிமிடங்கள் ஓடும் என்ரிக்கோவின் கறுப்பு வெள்ளைப் படம் 1962இல் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான உயரிய பரிசினையும், பின்னர் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதினையும் பெற்றது. ழான் பொஃபெத்தி ஒளிப்பதிவு செய்த இப்படத்தில் உரையாடல் மிகக் குறைவு. பியர்சின் வேறு இரு கதைகளையும் என்ரிக்கோ படமாக்கினார். மூன்றும் இணைந்து 1963இல் ஒரு முழுநீளப் படமாயின.

தலைப்பு மாற்றமும் கருதத்தக்கது. பியர்ஸ் தம் தலைப்பில் ‘நிகழ்வு’ என்ற வறண்ட சொல்லை வைக்கிறார். காவல்நிலையப் பதிவேட்டிலோ படைப்பிரிவின் நாட்குறிப்பிலோ இடம்பெறத்தக்க சொல் அது. பிரெஞ்சுத் தலைப்பில் நிகழ்வும் இல்லை, பாலமும் இல்லை. ஆந்தையும் ஆறும் மட்டுமே எஞ்சுகின்றன. மனிதர் கட்டியதும் மனிதர் செய்ததும் தலைப்பிலிருந்து விலக, இயற்கை மட்டும் நிற்கிறது.

இரண்டாம் பகுதியின் பணி

மூன்று பகுதிகளுள் மிகச் சிறியது இரண்டாம் பகுதி. முதற்பகுதியில் ‘அம்மனிதன்’ என்று மட்டும் சுட்டப்பட்டவனுக்கு இங்குதான் பெய்ட்டன் ஃபார்க்கர் என்ற பெயர் கிடைக்கிறது. அவன் வசதிமிக்க பண்ணை உரிமையாளன். அடிமைகளை உடைமையாகக் கொண்டவன். தென்மாநிலங்கள் பிரிந்துசெல்வதைத் தொடக்கம் முதலே ஆதரித்தவன். படையில் சேர இயலாமற்போனதால் வீரச்செயலுக்கு வாய்ப்புத் தேடிக் காத்திருக்கிறான். ஒரு மாலையில் தென்படையின் சாம்பல்நிறச் சீருடை அணிந்த வீரன் ஒருவன் வந்து தண்ணீர் கேட்கிறான். ஃபார்க்கரின் மனைவி தன் வெண்ணிறக் கைகளாலேயே தண்ணீர் கொண்டுவர விரைகிறாள். அந்த வீரன் பாலத்தைப் பற்றியும், அதன் தூணில் ஒதுங்கிக் காய்ந்துகிடக்கும் மிதவைக் கட்டைகள் எளிதில் தீப்பற்றும் என்பதைப் பற்றியும் கூறிச் செல்கிறான். இரவானபின் அவன் வந்த வழியே வடக்கு நோக்கித் திரும்புகிறான். அவன் ஒன்றியப் படையின் வேவுகாரன்.

இப்பகுதி மூன்று வேலைகளைச் செய்கிறது. அவற்றுள் முதலாவது வெளிப்படையானது: ஆள் யார் என்பதைச் சொல்கிறது. மனைவியின் ‘வெண்ணிறக் கைகள்’ பற்றிய குறிப்பில் பியர்சின் அங்கதம் மறைந்துள்ளது. அவ்வீட்டில் தண்ணீர் முகந்து தரும் கைகள் வழக்கமாக வேறு நிறத்தவை என்பதை ஓர் அடைமொழியால் அவர் சொல்லிவிடுகிறார். அடிமை எவரும் கதையில் பேசுவதில்லை, தோன்றுவதுமில்லை. இருப்பினும் அவர்கள் அவ்வீட்டில் இருக்கின்றனர் என்பதை வாசகர் அறிவார்.

இரண்டாவது பணி சற்று நுட்பமானது. வேவுகாரன் ஃபார்க்கரை ஏமாற்றும் முறையும், எடுத்துரைப்பாளர் வாசகரை ஏமாற்றும் முறையும் ஒன்றே. வேவுகாரன் வலிந்து பொய் சொல்வதில்லை. பாலம், மிதவைக் கட்டைகள், இடையூறு செய்வோர் தூக்கிலிடப்படுவர் என்ற ஆணை ஆகிய எதனையும் அவன் மறைக்கவில்லை. ஃபார்க்கர் கேட்க விரும்பியதைத் தனக்குரியதல்லாத உடையில் வந்து சொல்கிறான். எஞ்சியதை ஃபார்க்கரே செய்துகொள்கிறான். மூன்றாம் பகுதியும் அவ்வாறே நடக்கிறது. கீழே விழுந்தவன் நினைவிழந்து இறந்தவனைப் போலானான் என்று அதன் தொடக்கத்திலேயே எடுத்துரைப்பாளர் கூறிவிடுகிறார். அதன் பின்னரும் அவன் பிழைத்தான் என்று நம்புவது வாசகரின் விருப்பமே. முதற்பகுதியில் படை அறிக்கை போன்ற நடையில் பேசிய குரல், மூன்றாம் பகுதியிலும் அதே உறுதியான தோரணையை அணிந்துகொள்கிறது. உடையைக் கண்டு ஆளை நம்பிய ஃபார்க்கரின் பிழையை, நடையைக் கண்டு செய்தியை நம்பும் வாசகரும் செய்கிறார். ஆகவே இரண்டாம் பகுதி மூன்றாம் பகுதிக்கு ஓர் ஒத்திகை எனலாம்.

மூன்றாவது பணி அப்பகுதி அமைந்துள்ள இடத்தால் விளைவது. இதுவே என் பார்வையில் மிக முக்கியமானது. சார்ஜண்ட் பலகையிலிருந்து விலகுவதற்கும் ஃபார்க்கர் வீழ்வதற்கும் நடுவில் இது வைக்கப்பட்டுள்ளது. மெய்யான நேரத்தில் அவ்விடைவெளி கண்ணிமைக்கும் பொழுதுகூட இல்லை. அதனுள் ஒரு மாலைப்பொழுது, ஓர் உரையாடல், ஒரு குதிரைப் பயணம் ஆகியன அடங்குகின்றன. ஒரு கணத்தைப் பிளந்து அதற்குள் எவ்வளவு காலத்தையும் வைக்க இக்கதைக்கு இயலும் என்பது வாசகரின் கண்முன்னரே செய்துகாட்டப்படுகிறது. அடுத்த பகுதியில் அதே உத்தி மீண்டும் கையாளப்படும்போது வாசகர் அதனைக் கண்டுகொள்வதில்லை. முதற்பகுதியிலேயே ஃபார்க்கரின் கடிகார ஒலி கொல்லனின் சம்மட்டி அடியாகப் பெருத்து, இடைவெளி நீண்டு ஒலித்ததையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். கைகளை விடுவித்து, நீரில் மூழ்கி, நீந்திக் கரையேறி, காட்டுவழியே வீடு சேரலாம் என அவன் அப்போது எண்ணியதே மூன்றாம் பகுதியின் முழு வரைவு. குறிப்புகள் எதுவும் மறைக்கப்படவில்லை.

படம் விட்டதும் பெற்றதும்

இவ்விரண்டாம் பகுதி படத்தில் இல்லை. ஃபார்க்கர் கண்களை மூடும்போது மனைவியும் பிள்ளைகளும் சில நொடிகள் தோன்றுவதைத் தவிர முன்கதை எதுவும் கிடையாது. மரத்தில் அறையப்பட்ட படை அறிவிப்பே அவன் குற்றத்துக்கு ஒரே சான்று. கதையில் வேவுகாரன் வாயிலாக வந்த ஆணை, படத்தில் எவர் வாயிலாகவும் வராமல் தொடக்கத்திலேயே எழுத்தாய் நிற்கிறது. அவனை வலையில் வீழ்த்திய சூழ்ச்சி மறைந்துபோகிறது. சட்டமும் உடலும் மட்டுமே எதிரெதிரே எஞ்சுகின்றன.

இந்நீக்கத்தினால் படம் பெற்றவை குறைவல்ல. தூக்குக்கான ஆயத்தங்களை அது அவசரமின்றிக் காட்டுகிறது. கயிறு கட்டப்படுவது, பலகை வைக்கப்படுவது, காவலர் நிற்பது யாவும் ஆவணப்படத்தின் நிதானத்தோடு அமைகின்றன. காட்டப்படுவது மெய் என்ற நம்பிக்கையைப் பார்வையாளரிடம் இந்நிதானமே விதைக்கிறது. கதையில் எடுத்துரைப்பாளரின் நடை செய்த வேலையைப் படத்தில் ஒளிப்பதிவின் பொறுமை செய்கிறது. நீரிலிருந்து வெளிவந்தவன் இலையையும் சிலந்தி வலையையும் முதன்முறையாகக் காண்பவன்போல் காண்கிறான். கரைமணலில் புரண்டு சிரிக்கிறான். உயிரோடிருத்தலின் மகிழ்ச்சியைப் பாடும் ஆங்கிலப் பாடல் ஒன்று பின்னணியில் ஒலிக்கிறது. பியர்சின் ஃபார்க்கரும் மணலை வைரமாகவும் மாணிக்கமாகவும் காண்கிறான். எனினும் பியர்சின் நடையில் எள்ளலின் குளிர்ச்சி எப்போதும் உண்டு. என்ரிக்கோவிடம் அது இல்லை. பாலத்தின்மேல் நிற்கும் படைவீரரின் குரல்கள் இழுபட்டு ஆழத்திலிருந்து வருவனபோல் ஒலிக்குமிடம், ஒலியால் காலத்தை நீட்டிக் காட்டும் அரிய இடமாகும்.

படம் எடுக்கப்பட்ட காலத்தில் பிரான்சு அல்ஜீரியப் போரின் இறுதிக் கட்டத்தில் இருந்தது. அப்போரிலிருந்து திரும்பும் ஓர் இளைஞனைப் பற்றி என்ரிக்கோ பின்னர் ‘லா பெல் வீ’ என்ற படத்தை எடுத்தார். படைச்சட்டத்தின் பெயரால் நிகழும் கொலையை எந்த நாட்டுக்கும் எந்தத் தரப்புக்கும் உரியதாக்காமல் காட்ட அவர் விரும்பியிருந்தால் அது வியப்பன்று. இவ்வகையில் நடுப்பகுதியின் நீக்கம் ஓர் அறத் தேர்வாகவும் இருக்கக்கூடும்.

ஆயினும் அத்தேர்வுக்கு ஒரு விலை உண்டு. படத்தில் ஃபார்க்கர் திரும்பும் வீடு அகன்ற பெருமனை. வாயிற்கதவுகள் தாமே திறக்கின்றன. மனைவி நேர்த்தியான உடையில் வருகிறாள். அத்தோட்டத்தைப் பேணிய கைகள் எவை என்ற வினா படத்துள் எழுவதற்கு இடமில்லை. 1964 பிப்ரவரி 28 அன்று இப்படம் ‘தி ட்விலைட் சோன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியாக ஒளிபரப்பானது. இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். அடிமை உடைமையாளன் ஒருவன் அடிமைகள் இல்லாத வெறும் கணவனாகவும் தந்தையாகவும் அவ்வாண்டில் அமெரிக்க வீடுகளுக்குள் வந்தான். இதற்கு என்ரிக்கோ பொறுப்பாளர் அல்லர். எனினும் ‘உலகப் பொதுமை’ எனப் போற்றப்படும் ஒரு பண்பு, யாரை விட்டுவிட்டதனால் கிடைத்தது என்பதையும் ஆய்வாளர் சொல்லியாகவேண்டும்.

கதை கோரும் இரக்கம் கடினமானது. தன் கொள்கைக்குப் பகைவனான, பிறரை உடைமையாக வைத்திருந்த ஒருவன் பிழைக்கவேண்டும் என்று வாசகர் விரும்புகிறார். அவன் இறந்தபோது துணுக்குறுகிறார். எதிர்ப்படையில் போரிட்ட ஒருவர் இவ்விருப்பத்தை நம்முள் உண்டாக்கியிருக்கிறார். படம் கோரும் இரக்கத்துக்கு இத்தகைய தடை எதுவும் இல்லை. தூக்குமேடையில் நிற்கும் யாரோ ஒருவனுக்காக இரங்குவது யாவர்க்கும் இயல்பு.

நிகழ்காலம் என்னும் சிக்கல்

மூன்றாம் பகுதி முழுதும் இறந்தகால வினைகளால் அமைந்தது. வீட்டு வாயிலை நெருங்கும் இறுதிப் பத்தியில் மட்டும் வினைகள் நிகழ்காலத்துக்கு மாறுகின்றன. நடந்துகொண்டே உறங்கியிருக்கவேண்டும் என்று ஐயத்தோடு கூறி, இப்போது அவன் வேறொரு காட்சியைக் காண்கிறான் என எடுத்துரைப்பாளர் தொடர்கிறார். இலையின் நரம்புகளையும் பாலத்தின்மேல் நின்று குறிபார்த்தவனின் கண்ணின் நிறத்தையும் ஐயமின்றிக் கூறிய குரல் இங்கு முதன்முறையாகத் தடுமாறுகிறது. இருளும் அமைதியும் சூழ்ந்தபின், இறுதித் தொடரில் இறந்தகாலம் மீள்கிறது.

இத்தகைய மாற்றத்தைத் தமிழ் இலக்கணம் வெறும் பிழையாகத் தள்ளுவதில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் தம்முள் மயங்கி வரலாம் என நன்னூல் வழுவமைதி கூறுகிறது. பியர்சின் நிகழ்காலத்தை இவற்றுள் எதில் அடக்குவது? மேலோட்டமாக நோக்கின் விரைவு என்று தோன்றும். எனக்கு அது நிறைவளிக்கவில்லை. சேனாவரையர் தரும் விளக்கமே இங்குப் பொருந்துகிறது: தொழில் தொடங்கப்பட்டு முற்றுப்பெறாத நிலையே நிகழ்காலம். ஃபார்க்கர் வீடு சேர்தல் தொடங்கிய தொழில், அது முற்றுப்பெறாது. முற்றுப்பெறுவது மரணம் மட்டுமே, அதற்குரியது இறந்தகாலம்.

திரைப்பிம்பத்துக்குக் கால இடைநிலை இல்லை. திரையில் தோன்றும் எதுவும் தோன்றும்போது நிகழ்காலமே. நனவும் கனவும் அங்கு ஒரே வடிவில் வரும். எனவே கதை தன் வினைமுற்றுகளால் செய்ததைப் படம் வேறு வகையில் செய்யவேண்டியதாயிற்று. என்ரிக்கோ கண்ட வழி திரும்பக் கூறல். ஃபார்க்கர் மனைவியை நோக்கி ஓடுகிறான். அவள் அவனை நோக்கி வருகிறாள். மீண்டும் அவன் ஓடுகிறான். மீண்டும் அவள் வருகிறாள். ஓட்டம் தொடர்கிறது, தொலைவு குறையவில்லை. மூலக்கதையில் இவ்வோட்டம் இவ்வாறு இல்லை. தொடங்கி முற்றுப்பெறாத தொழிலை, எந்த விகுதியும் இடைநிலையும் இன்றிப் படத்தொகுப்பு மட்டுமே சொல்லிவிடுகிறது. அவள் கைகள் அவன் கழுத்தருகே வந்ததும் தலை பின்னோக்கி வெட்டி இழுபடுகிறது. அடுத்த காட்சியில் உடல் தொங்குகிறது. நடுப்பகுதியை விட்டதால் படம் இழந்ததை மேலே வலியுறுத்தினேன். இவ்விடத்தில் கதையின் ஓர் இலக்கண நுட்பத்துக்கு இணையானதைப் படம் தன் சொந்த மொழியில் ஆக்கியுள்ளது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்லவேண்டும்.

இருமுறை வரும் பெயர்

வகுப்பில் பயன்படுத்துவதற்காக இக்கதையைத் தமிழாக்க முயன்றபோது இறுதித் தொடர் நெடுநேரம் பிடிகொடுக்கவில்லை. பியர்ஸ் அங்கு இறத்தலை ஒரு செயலாகச் சொல்லவில்லை. இறந்தநிலையில் இருந்தான் என ஒரு நிலையாகச் சொல்கிறார். ‘இறந்தான்’ என எழுதினால் மரணம் அப்போது நிகழ்ந்ததாகிறது. ‘இறந்துகிடந்தான்’ எனலாம், ஆனால் அவன் கிடக்கவில்லை, தொங்குகிறான். ‘இறந்துபோயிருந்தான்’ என முடித்தேன். அவ்வாறு முடித்தபின் இரண்டாம் பகுதியின் முதல் தொடருக்குத் திரும்பவேண்டியதாயிற்று. அத்தொடரும் இறுதித் தொடரும் ஆங்கிலத்தில் ஒரே எழுவாயும் ஒரே வினையும் கொண்டவை: முழுப்பெயர், அதனையடுத்து இறந்தகால இருத்தல்வினை. முதலாவதில் அவ்வினைக்குப்பின் வசதிமிக்க பண்ணை உரிமையாளன் என்ற செய்தி; இரண்டாவதில் இறப்பு என்ற செய்தி. தமிழில் முதல் தொடர் வினையின்றியே முடிந்துவிடும் பெயர்ப்பயனிலைத் தொடர்; அதனால் இவ்வொற்றுமை மொழிபெயர்ப்பில் புலப்படாது மறைந்துவிடுகிறது. முதல் தொடரையும் ‘உரிமையாளனாக இருந்தான்’ என மாற்றி அமைத்தபோது தமிழ் சற்று விறைத்துக்கொண்டது. இரு தொடர்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்பதற்காக அவ்விறைப்பை ஏற்றுக்கொண்டேன். என்ரிக்கோவின் படத்தில் உள்ளது இவ்விரண்டில் இரண்டாவது தொடர் மட்டுமே.